ஓடினால் சரியாகிவிடுமாம்!

சென்ற இதழில் மனிதவளத் துறையின் மூத்த ஆலோசகர் ஒருவர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நாட்பட்ட சோர்வு நோய் என்று சொல்லிக்கொண்டு வரும் ஊழியர்களுக்கு அலுவலகங்கள் சலுகை காட்டக் கூடாது என்பது அவர் கட்சி. அதற்கு ஐந்து காரணங்களை அடுக்குகிறார். களைப்பு எல்லோருக்கும்தான் இருக்கிறது; ரத்தப் பரிசோதனையில் தெரியாதது நோயே அல்ல; உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும் போதும் என்று இங்கிலாந்தில் நிரூபித்துவிட்டார்கள்; ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்; நிறுவனம் ஒன்றும் தர்ம சத்திரம் அல்ல. படிக்கச் சரளமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்தில் ஒன்றுகூட விசாரணைக்குத் தாங்காது. மூன்றாவது காரணமோ ஆபத்தானது. அதை நம்பி ஒரு மேலாளர் நடந்துகொண்டால், எழுந்து நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவரைப் படுக்கையில் தள்ளிவிட முடியும். அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் அந்தக் களைப்பு விவகாரம். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வாசல் தெளித்து, பத்துப் பேருக்குச் சமைத்து இறக்கிவிட்டு, நடவுக்கும் போய்வந்த தன் தாயாரை ஆலோசகர் சாட்சிக்கு அழைக்கிறார். அந்தத் தாயாருக்கு என் வணக்கம். ஆனால் இந்த வழக்கில் அவர் சாட்சியே அல்ல. இரவு படுத்தார், தூங்கினார், காலையில் தெம்பாக எழுந்து வேலையைப் பார்த்தார் என்றால் அவருக்கு இந்த நோய் இல்லை, அவ்வளவுதான். நாலு மணிக்கு எழ முடியாமல் போன பெண்களும் அதே ஊரில் இருந்திருப்பார்கள். அவர்களுக்குச் சீக்குக்காரி, வேலைக்கள்ளி என்று பெயர் வைத்ததோடு ஊர் தன் கடமையை முடித்துக்கொண்டது. அவர்களைப் பற்றி யாரும் பெருமையாகக் கட்டுரை எழுதுவதில்லை.

மருத்துவர்கள் எம்.இ./சி.எஃப்.எஸ். என்று குறிக்கும் இந்த நோய்க்கு அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2015இல் தெளிவான அளவுகோல் வகுத்தது. முன்பு இயல்பாகச் செய்துவந்த வேலைகள் ஆறு மாதத்துக்கும் மேலாக முடியாமல் போயிருக்க வேண்டும். எவ்வளவு தூங்கினாலும் தூங்கிய தெம்பு வராது. உடலாலோ மூளையாலோ கொஞ்சம் உழைத்தாலும் பிறகு நோய் மோசமாகும். இந்த மூன்றோடு, யோசனையில் தடுமாற்றம், எழுந்து நின்றாலே கூடும் உபாதை, இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். அமெரிக்காவில் மட்டும் 8,36,000 முதல் 25 லட்சம் பேர் வரை இந்த நோயோடு வாழ்வதாக அதே அறிக்கை கணித்தது. நோயாளிகளில் கால்வாசிப் பேராவது ஏதோ ஒரு கட்டத்தில் வீட்டோடு அல்லது படுக்கையோடு முடங்குகிறார்கள். வேலை இல்லாமல் போனவர்களின் விகிதம் ஆய்வுக்கு ஆய்வு மாறி 35 முதல் 69 சதவீதம் வரை இருக்கிறது. திங்கட்கிழமைச் சோம்பல் யாரையும் இந்தக் கதிக்கு ஆளாக்குவதில்லை.

உழைத்த பிறகு வரும் அந்தச் சரிவுதான் இந்த நோயின் மையம். ஆலோசகரின் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அது தெரியாமல் இந்த நோயைப் பற்றி எழுதுவது, சர்க்கரையைப் பற்றிப் பேசாமல் நீரிழிவைப் பற்றி எழுதும் லட்சணத்தில் இருக்கிறது. சரிவு எப்போதும் உழைத்த உடனே வருவதில்லை. பெரும்பாலும் 12 மணி நேரம் முதல் 48 மணி நேரம் கழித்து வரும். வந்தால் நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் கலகலப்பாகப் பேசியவர் வியாழக்கிழமை வராமல் போவது இதனால்தான். மேலாளர் கண்ணில் படுவது செவ்வாய்க்கிழமை மட்டும். “முந்தாநாள் நல்லாத்தானே இருந்தாங்க” என்று அவர் புருவத்தை உயர்த்துவதற்கும் அதுவே காரணம். சக்திக்கு மேல் செலவழிக்கும் ஒவ்வொரு மணி நேரத்தையும் நோயாளி மீட்டர் வட்டிக்கு வாங்குகிறார்.

அம்பத்தூர்ப் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் நான் பொறுப்பில் இருந்தபோது கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஜி.எஸ்.டி. வேலையைக் கவனித்துக்கொண்ட பெண்மணி, பிழையே விடாதவர். ஒரு காய்ச்சல் வந்து போனது. காய்ச்சல் போயிற்று, ஆள் பழைய ஆளாகத் திரும்பவில்லை. மாதம் 11ஆம் தேதிக்குள் ஒரு ரிட்டர்ன், 20ஆம் தேதிக்குள் இன்னொன்று. பல்லைக் கடித்துக்கொண்டு 20ஆம் தேதியைத் தாண்டிவிடுவார். 22ஆம் தேதி நாற்காலி காலியாக இருக்கும். ஒரு நாள் ஒரே இன்வாய்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரமாக உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன். “நம்பர் எல்லாம் தெரியுது சார். எங்க ஆரம்பிக்கணும்னுதான் தெரியல” என்றார். இன்னொரு நாள், “தலைக்குக் குளிச்சா அன்னிக்கு ஆபீசுக்கு வர முடியாது சார், ரெண்டுல ஒண்ணுதான்” என்றார். மனிதவளப் பிரிவில் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்ட முதல் கேள்வி: “ஏம்மா, வீட்டுல ஏதாவது பிரச்சினையா?” ஆலோசகரின் கட்டுரை அந்தக் கேள்வியைத்தான் நாலு பக்கத்துக்கு நீட்டியிருக்கிறது.

இரண்டாவது வாதத்துக்கு வருவோம். ரத்தப் பரிசோதனையில் தெரியவில்லையாம். ஆகவே மனசுதான் காரணமாம். பாதிக்கப்படுபவர்களில் பெண்களே அதிகம் என்பது அதற்கு ஆதாரமாம். ஒற்றைத் தலைவலிக்கும் ரத்தப் பரிசோதனை கிடையாது. ஆலோசகர் அதையும் நடிப்பு என்பாரா? வயிற்றுப்புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று உலகமே வெகுகாலம் நம்பியது. பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு ஆஸ்திரேலிய மருத்துவர்கள் அதன் பின்னால் ஒரு பாக்டீரியா இருப்பதைக் கண்டுபிடித்து 2005இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். பரிசோதனை கண்டுபிடிக்கப்படும் நாள்வரை நோயாளி பொய் சொல்கிறார் என்பது மருத்துவம் அல்ல, சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனத்தைப் பற்றி ஆலோசகர் ஒரு கட்டுரை எழுதலாம்.

பெண்கள் அதிகம், ஆகவே மனசு என்ற வாதத்துக்கு வயது ஐம்பதுக்கு மேல். 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஏறத்தாழ 300 பணியாளர்கள் இனம் தெரியாத நோயில் விழுந்தார்கள். மருத்துவமனையையே மூடிவைக்க வேண்டியிருந்தது. விழுந்தவர்களில் பலர் மருத்துவர்களும் செவிலியர்களும். நோய் எது, நடிப்பு எது என்று தொழில்முறையாகத் தெரிந்தவர்கள். பதினைந்து ஆண்டு கழித்து, 1970இல், மெக்கெவடி, பியர்ட் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய நோய்க்குறிப்புகளை மட்டும் புரட்டிவிட்டு, இது கூட்டு ஹிஸ்டீரியா என்று தீர்ப்பெழுதினார்கள். விழுந்தவர்களில் பெண்கள் அதிகம் என்பது அவர்களுடைய முக்கியச் சான்றுகளில் ஒன்று. ஒரு நோயாளியைக்கூட அவர்கள் நேரில் பரிசோதிக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே, 1969இல், உலக சுகாதார நிறுவனம் இதை நரம்பு மண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆலோசகர் 1970இலேயே நிற்கிறார்.

மனசுதான் காரணம் என்றால் அதையும் சோதித்துப் பார்க்கலாம் அல்லவா? பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் டப்போ என்ற ஊரில், எப்ஸ்டீன்-பார் வைரஸ், ராஸ் ரிவர் வைரஸ், கியூ காய்ச்சல் ஆகிய தொற்றுகள் கண்ட 253 பேரைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்தார்கள். 2006இல் முடிவு வெளியானது. ஆறு மாதத்துக்குப் பிறகும் சுமார் 11 சதவீதம் பேருக்கு இந்த நோயின் அளவுகோல் பொருந்தியது. யாருக்கு வரும் என்பதை முன்கூட்டிச் சொன்னது தொற்றின் கடுமை. அவர்களுடைய மனநிலை, குணம், பழைய மனநோய் வரலாறு எதுவும் சொல்லவில்லை. ராஸ் ரிவர் வைரஸ் நம் ஊர்ச் சிக்குன்குனியாவின் நெருங்கிய உறவுக்கார வைரஸ் என்பதையும் சொல்லிவைக்கிறேன். 2006இல் தமிழ்நாட்டைச் சிக்குன்குனியா புரட்டிப்போட்டது. காய்ச்சல் விட்டும் மாதக்கணக்கில் எழ முடியாதவர்களைத் தெருவுக்குத் தெரு பார்த்தோம். பிறகு கொரோனாவும் வந்து தன் பங்குக்கு ஒரு கூட்டத்தைக் களைப்பில் விட்டுப் போயிருக்கிறது.

உடலில் எதுவும் தெரியவில்லை என்பதும் பழைய கதை. அடுத்தடுத்த இரண்டு நாள் சைக்கிள் மிதிக்கவைத்து மூச்சை அளக்கும் சோதனை இருக்கிறது. ஆரோக்கியமானவர், உடல் பழக்கம் விட்டுப்போனவராக இருந்தாலும், இரண்டாம் நாளும் ஏறக்குறைய அதே அளவைத் தொடுகிறார். இந்த நோயாளிகளில் பலரால் தொட முடிவதில்லை. இரண்டாம் நாள் அளவு சரிவதை நடித்துக் காட்டுவது சுலபமல்ல. நீண்டகாலக் கொரோனா நோயாளிகளின் தசையை உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்த ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள், பயிற்சிக்குப் பின் தசைச் சேதம் கூடியிருப்பதை 2024இல் வெளியிட்டார்கள். 15,579 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்த பிரிட்டனின் டிகோட்எம்இ ஆய்வு, நோயோடு தொடர்புள்ள எட்டு மரபணுப் பகுதிகளை 2025 ஆகஸ்டில் அறிவித்தது. மரபணுவில் சோம்பேறித்தனம் எழுதியிருக்கிறது என்று அடுத்த கட்டுரையில் ஆலோசகர் சொல்லாமல் இருக்க வேண்டும்.

இப்போது அவருடைய பிரம்மாஸ்திரம்: இங்கிலாந்து ஆய்வு. பெயரைச் சொல்லவில்லை என்றாலும் அவர் சொல்வது பேஸ் என்ற ஆய்வைத்தான். 641 நோயாளிகள், 2011இல் லான்செட் இதழில் வெளிவந்தது. படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும், நோயைப் பற்றிய எண்ணத்தை மாற்றும் மனநல சிகிச்சையும் பலன் தருவதாக அறிவித்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில் பிரிட்டனின் வேலை மற்றும் ஓய்வூதியத் துறையும் ஒன்று. நோயாளிகளுக்கு உதவித்தொகை கொடுக்க வேண்டிய அதே துறை. அதைக்கூட விட்டுவிடுவோம். கணக்கைப் பார்ப்போம்.

உடல் இயக்கத்துக்கு நூறு மதிப்பெண் கொண்ட ஒரு அளவுகோலை வைத்திருந்தார்கள். ஆய்வில் சேர 65 அல்லது அதற்குக் கீழே எடுத்திருக்க வேண்டும். அவ்வளவு மோசமாக இருந்தால்தான் நோயாளி. குணமானவர் என்று சொல்ல 85 எடுக்க வேண்டும் என்பது முதலில் எழுதிவைத்த திட்டம். குணமடைந்தோர் கணக்கை 2013இல் வெளியிட்டபோது அந்த 85, 60 ஆகிவிட்டது. அதாவது 65 மதிப்பெண்ணோடு உள்ளே வந்தவர் 60க்கு இறங்கினாலும் அந்த அளவுகோலின்படி தேறியவர்! நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டை ஆடிட்டர் முன்னால் வைத்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

இதை அம்பலப்படுத்தியது எந்தப் பல்கலைக்கழகமும் அல்ல. அலெம் மத்தீஸ் என்ற ஆஸ்திரேலிய நோயாளி தகவல் அறியும் சட்டத்தின் கீழ் ஆய்வுத் தரவைக் கேட்டார். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் தர மறுத்தது. வழக்கு நடந்தது. 2016 ஆகஸ்டில் தீர்ப்பாயம் தரவைக் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. முதலில் எழுதிவைத்த அளவுகோலின்படி மறுபடி கணக்குப் போட்டபோது, 22 சதவீதம் என்று பறைசாற்றப்பட்ட குணமடைந்தோர் விகிதம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. இந்தச் சிகிச்சைகள் பெறாதவர்களோடு ஒப்பிட்டால் சொல்லிக்கொள்ளும் வித்தியாசமும் இல்லை. மனிதவள ஆலோசகருக்கு மிகவும் வேண்டிய தகவல் ஒன்று அந்த ஆய்வாளர்களே 2012இல் வெளியிட்ட பொருளாதாரக் கட்டுரையில் இருக்கிறது. வேலையிழந்த நாட்களில் சிகிச்சைக்குச் சிகிச்சை தெளிவான வேறுபாடு எதுவும் இல்லை. ஓடவிட்டார்கள், ஓடியவர்கள் வேலைக்குத் திரும்பவில்லை.

அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் 2017இல் இந்த உடற்பயிற்சிப் பரிந்துரையைத் தன் பக்கங்களிலிருந்து எடுத்துவிட்டது. 2007இல் இதைப் பரிந்துரைத்த, பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ், சான்றுகளை எல்லாம் மறுபடி எடைபோட்டு, அவற்றின் தரம் குறைவு அல்லது மிகக் குறைவு என்று மதிப்பிட்டு, 2021 அக்டோபரில் புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது. நிர்ணயித்த படிகளில் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சியை இந்த நோயாளிகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. இருக்கும் சக்திக்குள் வாழ்க்கையை அமைத்துக்கொள்ள உதவுங்கள், நோயாளி விரும்பினால் வேலை கொடுப்பவரிடமும் பேசி மாற்று ஏற்பாடுகளுக்கு வழிசெய்யுங்கள் என்றும் சொல்கிறது. ஆய்வு நடந்த நாடே கைவிட்ட வைத்தியத்தை ஆலோசகர் இன்று சென்னையில் விற்கிறார். காலாவதியான மாத்திரையை விற்கும் மருந்துக்கடைக்காவது சீல் வைக்கலாம். காலாவதியான யோசனையை விற்பவரை என்ன செய்வது?

நான்காவது வாதம், ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்பது. கண்ணாடி போட்டவருக்குப் பெரிய எழுத்துத் திரை கொடுத்தால் மற்றவர்களும் கண்ணைக் கெடுத்துக்கொள்வார்களா? நோகாமல் நுங்கு தின்ன வருகிறார்கள் என்று எழுதுகிறவர், அந்த நுங்கு எப்படி இருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ.யில் நோய்க்காலப் பலன் ஆண்டுக்கு 91 நாள். ஊதியத்தில் 70 சதவீதம். அதன் பிறகு கை வெறுங்கை. பதவி உயர்வு போகும், உடன் வேலை செய்பவர்களின் மதிப்பு போகும், வீட்டிலும் முணுமுணுப்பு கிளம்பும். இத்தனையும் இழந்து நடிக்கிற நடிகரை நான் பார்த்ததில்லை. ஸ்காட்லாந்தில் நீண்டகாலக் கொரோனாவால் வேலையிழந்த ஒரு கட்டடப் பராமரிப்பாளரின் வழக்கில், நோய்விடுப்பு ஊதியம் தீர்ந்த பிறகும் வீட்டில் இருக்க அவருக்கு என்ன லாபம் என்ற எளிய கேள்வியை 2022இல் தொழிலாளர் தீர்ப்பாயம் எடைபோட்டது. அவர் நோயை மிகைப்படுத்தவில்லை என்று கண்டது. அவருடைய நிலை சட்டப்படி உடற்குறைபாடுதான் என்று தீர்ப்பளித்தது.

இந்த வாதத்தில் ஒரே ஒரு துளி உண்மை இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். ஒருவர் வேலை குறையும்போது அந்தச் சுமை பக்கத்து மேசைக்குப் போகிறது. பக்கத்து மேசைக்காரர் முணுமுணுக்கிறார். அவர் முணுமுணுப்பதில் நியாயம் உண்டு. ஆனால் சுமையை அவர் தலையில் வைத்தது நோயாளியா, மாற்று ஆளைப் போடாமல் வேலையை மட்டும் தள்ளிவிட்ட நிர்வாகமா? வாரத்துக்கு 70 மணி நேரம் என்று 2023இல் ஒரு தொழிலதிபர் சொல்ல, 2025இல் இன்னொருவர் 90 என்று ஏலத்தைக் கூட்டினார். ஆளைக் குறைத்து மணி நேரத்தைக் கூட்டும் இந்த ஏற்பாட்டில் ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் மற்றவருக்கு மூச்சு முட்டுகிறது. ஆலோசகர் அந்த ஏற்பாட்டைத் தொடவே இல்லை. நோயாளியையும் சக ஊழியரையும் மோதவிட்டு நடுவில் நிற்கிறார்.

கடைசி வாதம் தர்ம சத்திரம். எங்கள் கணக்குப் பிரிவில் பிறகு என்ன செய்தோம் என்று சொல்கிறேன்; எவ்வளவு தர்மம் கரைந்தது என்று ஆலோசகரே கூட்டிப் பார்க்கட்டும். காலை ஒன்பதுக்குப் பதில் பதினொன்றுக்கு வரலாம் என்றோம். நெரிசல் பஸ்ஸில் நின்றுகொண்டு வருவதுதான் அவருடைய நாளில் பாதியைத் தின்றுகொண்டிருந்தது. வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை. சப்ளையர்களிடமிருந்து இன்வாய்ஸ்களை மாதக் கடைசிவரை குவியவிடாமல் வாராவாரம் வாங்கினோம். அதனால் 11ஆம் தேதி, 20ஆம் தேதி நெருக்கடி தணிந்தது. சொல்ல வேண்டியதை வாயால் சொல்லிவிட்டுப் போகாமல் எழுதிக் கொடுத்தோம். கூட்டங்களில் அவருக்கு வேண்டிய பகுதி முடிந்ததும் எழுந்து போகலாம். மதியம் படுத்துக்கொள்ள ரெக்கார்ட் ரூமில் ஒரு பாய். முக்கியமாக, ஒரு நல்ல நாளில் அவர் மளமளவென்று வேலை பார்த்தால் இன்னொரு கோப்பை நீட்டக் கூடாது என்று எனக்கு நானே கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன். இந்த நோய்க்காரரை மேலாளர் கெடுப்பது அந்த நல்ல நாளில்தான். மாதம் ஒருமுறை உட்கார்ந்து எது உதவுகிறது, எது உதவவில்லை என்று பேசினோம். அவர் குணமாகிவிட்டார் என்று நான் சொல்லவில்லை, குணமாகவில்லை. ஆனால் 22ஆம் தேதி நாற்காலி காலியாக இருப்பது அபூர்வமாகிவிட்டது. ரிட்டர்னும் தாமதமில்லாமல் போயிற்று. எங்களுக்கு ஆன செலவு அந்தப் பாய்.

இது எங்கள் அதிர்ஷ்டம் அல்ல. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் நிதியில் இயங்கும் ஜாப் அக்காமொடேஷன் நெட்வொர்க், முதலாளிகளிடமே கேட்டு ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. ஊழியர்களுக்குச் செய்துகொடுத்த மாற்று ஏற்பாடுகளில் ஏறத்தாழ பாதிக்குச் செலவே ஆகவில்லை என்பது அந்த முதலாளிகள் சொன்ன பதில். அனுபவமுள்ள ஒருவரை அனுப்பிவிட்டுப் புதியவரைத் தேடி, எடுத்து, பழக்குவதற்கு ஆகும் செலவை ஆலோசகர் அறியாதவரா? அதற்குத்தானே அவருக்கே கட்டணம் கொடுக்கிறார்கள்!

எல்லா வேலையையும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. பிரஸ் மெஷினும் பவர் டேபிளும் வீட்டுக்கு வராது. சிறு தொழில் நடத்துபவரின் நெருக்கடியும் எனக்குத் தெரியும். ஆனால் ஷாப் ஃப்ளோரிலும் செய்ய இருக்கிறது. நின்று செய்யும் வேலையை உட்கார்ந்து செய்ய விடலாம். இரவு ஷிப்ட் சுழற்சியிலிருந்து விலக்கலாம். பாரம் தூக்கும் இடத்திலிருந்து பரிசோதனை மேசைக்கு மாற்றலாம். தி. நகர் ஜவுளிக் கடைகளில் விற்பனைப் பெண்கள் காலையிலிருந்து இரவுவரை கால் கடுக்க நின்றார்கள். உட்காரவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்றுதான் அப்போதும் சொன்னார்கள். கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று கட்டாயமாக்கின. ஸ்டூல் போட்டதால் திவாலான ஜவுளிக் கடை எது என்று ஆலோசகர் சொல்லட்டும்.

சட்டம் இதையெல்லாம் கேட்கவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இந்த நோயின் பெயர் இல்லை. அது சட்டத்தின் குறை. மத்திய அரசு திருத்தியாக வேண்டும். ஆனால் நீண்டகால உடற்குறைபாடு ஒருவரைத் தடைகளோடு சேர்ந்து முடக்கினால் அவரும் மாற்றுத்திறனாளி என்பதே சட்டத்தின் பொது விளக்கம். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு யு.பி.எஸ்.சி. தேர்வருக்கு, 40 சதவீத ஊனச் சான்று இல்லை என்று சொல்லி உதவி எழுத்தரை மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நியாயமான மாற்று ஏற்பாடு என்ற உரிமை 40 சதவீதத்துக்காரர்களுக்கு மட்டும் எழுதிவைத்தது அல்ல, அதை மறுப்பது பாகுபாடு என்று தீர்ப்பு சொன்னது. அரசு ஊழியர் பணியில் இருக்கும்போது உடற்குறைபாடு அடைந்தால் அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 20ஆம் பிரிவு சொல்கிறது. சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்ற 21ஆம் பிரிவு தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் நோயின் பெயரையே கேட்பதில்லை. பாதிப்பு பன்னிரண்டு மாதம் நீடிக்குமா, அன்றாட வாழ்வைக் கெடுக்கிறதா என்றுதான் கேட்கிறது. நம் சட்டமும் அங்கே போக வேண்டும்.

ஆலோசகர் தன் கட்டுரையில் கேட்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: நோயாளியை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம். தள்ளினால் மோசமாகும் என்பதே இந்த நோயின் இலக்கணம். மருத்துவம் அவருக்கு எதிராக இருக்கிறது, அவர் நம்பிய ஆய்வின் சொந்தக் கணக்கே அவருக்கு எதிராக இருக்கிறது, செலவுக் கணக்கும் எதிராகவே இருக்கிறது. மிச்சம் இருப்பது தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வராதவரின் தைரியம் ஒன்றுதான்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை அலுவலகம் போனதும் உங்கள் நிறுவனத்தின் சம வாய்ப்புக் கொள்கை எங்கே இருக்கிறது என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். சட்டப்படி அது அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். இருந்தால், நீண்டகால நோய் உள்ளவர்களுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால், எழுத வையுங்கள்.